முக்கால்வாசி வரும்

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் சோலை நகர். கருங்கல் கொட்டிய கரை, கல்லின் மேல் காயும் வலை, மேட்டோரம் இழுத்துப் போட்ட பைபர் படகுகள். ஐப்பசி பிறந்துவிட்டால் இங்கே எல்லார் கையிலும் செல்போன், எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. அப்படியொரு கார்த்திகை மாலையில், படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு, கல்லூரியில் படிக்கும் பேத்தி வானிலைச் செய்தியைப் படித்துச் சொன்னாள். செல்போனுக்கு வந்திருந்த செய்தி ஆங்கிலத்தில் இருந்தது.

“‘ஹெவி ரெயின் வெரி லைக்லி’ன்னு போட்டிருக்காங்க தாத்தா.”

“அப்டின்னா?”

“பெரிய மழைக்கு வாய்ப்பு அதிகமாம்.”

“வாய்ப்புன்னா எவ்ளோம்மா? போட்ட மேல ஏத்தணுமா, வேணாமா?”

பேத்தி மறுபடி திரையைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் அதில் இல்லை. அதற்குள் அடுத்த படகிலிருந்தவர் என்ன செய்தி என்று குரல் கொடுக்க, பெரியவர் திரும்பிச் சொன்னார்: “மழை வருமாம்.”

அரை நிமிடப் பேச்சுதான். அதற்குள் ஓர் எண் மூன்று முறை உருமாறிவிட்டது. வானிலை ஆய்வாளரின் கணினியில் அது சதவீதமாகப் பிறந்தது. ஆங்கிலத்தில் ‘வெரி லைக்லி’ ஆனது. தமிழில் ‘வாய்ப்பு அதிகம்’ ஆனது. கரையில் ‘வருமாம்’ ஆகி, எண் முழுவதுமாகக் கழன்று விழுந்தது. நாளை நடக்கப்போவதைப் பற்றி நாம் எவ்வளவு உறுதியாக இருக்கிறோம் என்பதை மொழி எப்படிச் சுமக்கிறது, எங்கே சிந்துகிறது? இங்கே அது உயிர், உடைமை பற்றிய கேள்வி.

ஆங்கிலத்தின் ஏணி

ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால விகுதி கிடையாது. இறந்தகாலத்துக்கு உருவம் உண்டு, நிகழ்காலத்துக்கு உண்டு. நாளைக்கு மட்டும் இல்லை. எனவே ஆங்கிலம் மற்ற வேலைக்கு இருந்த சொற்களை நாளைக்காகக் கடன் வாங்கியது. ‘வில்’ என்பதன் பழைய பொருள் விரும்புதல். ‘ஷால்’ என்பதன் பழைய பொருள் கடன்பட்டிருத்தல். ‘மே’ என்பதன் வேர் வலிமை, இயலுதல். விருப்பமும் கடமையும் வலிமையும் சேர்ந்துதான் அந்த மொழியில் எதிர்காலம் ஆயின. அதனால் ஆங்கிலத்தில் நாளையைப் பற்றிப் பேசும்போதே பேசுபவரின் உறுதி எவ்வளவு என்பதும் துணைவினையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ‘வில்’ உறுதியாக நிற்கிறது, ‘மே’ தயங்குகிறது, ‘மைட்’ இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது.

துணைவினைகள் போதாதபோது உரிச்சொற்கள் வருகின்றன. ‘சர்ட்டன்’ என்ற சொல்லின் லத்தீன் வேர் சலித்துப் பிரிப்பதைக் குறிக்கும். உமி போய் நின்ற அரிசி போன்றது அந்த உறுதி. ‘லைக்லி’ என்பதற்குள் ‘லைக்’ இருக்கிறது, அதாவது ‘போல’. மேகத்தைப் பார்த்து நாம் ‘மழை வரும்போல இருக்கு’ என்கிறோமே, ‘லைக்லி’யின் உள்ளே இருப்பதும் அதே எண்ணம்தான்.

இந்தச் சொற்களுக்கு அறிவியல் துறைகள் எண்களை ஒட்டவைத்திருக்கின்றன. இந்திய வானிலைத் துறையின் அறிக்கைகளில் ‘அன்லைக்லி’ என்றால் 25 சதவீதத்துக்கும் குறைவு. ‘லைக்லி’ 25 முதல் 50 வரை. ‘வெரி லைக்லி’ 50 முதல் 75 வரை. ‘மோஸ்ட் லைக்லி’ 75க்கு மேல். பருவநிலை மாற்றம் குறித்து ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசிக்கு வேறு அளவுகோல். அங்கே ‘லைக்லி’ என்றாலே 66 சதவீதம் அல்லது அதற்கு மேல். ‘வெரி லைக்லி’ என்றால் 90 அல்லது அதற்கு மேல். ஆக, கடல்மட்டம் பற்றிய ஐபிசிசி அறிக்கையையும் நாளைய மழை பற்றிய வானிலை அறிக்கையையும் ஒரே நாளில் படிக்கும் ஒருவருக்கு ஒரே சொல் இரண்டு அளவுகளில் வந்து சேர்கிறது. இரண்டு துறைகளும் தங்கள் எல்லைக்குள் சரியாகவே பேசுகின்றன. படிப்பவர் கையில்தான் அளவுகோல் இல்லை.

அளவுகோல் கையில் இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. உளவியலாளர் டேவிட் புடெஸ்குவும் உடன் ஆய்வாளர்களும் 24 நாடுகளில் 17 மொழிகளில் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஐபிசிசி அறிக்கையின் வாக்கியங்களைப் படித்தவர்கள், ‘மிக வாய்ப்புள்ளது’ என்ற பொருள் தரும் சொல்லை விஞ்ஞானிகள் எண்ணியதைவிடக் குறைவாகவும், ‘வாய்ப்பு மிகக் குறைவு’ என்பதை அவர்கள் எண்ணியதைவிடக் கூடுதலாகவும் புரிந்துகொண்டார்கள். எல்லாம் நடுவை நோக்கிச் சரிந்தது. சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணையும் எழுதியபோது இந்தச் சரிவு குறைந்தது.

உளவுத்துறையில் ஒரு சொல்

இந்தச் சிக்கலைக் கூர்மையாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் வானிலை ஆய்வாளர் இல்லை. ஷெர்மன் கென்ட் என்ற அமெரிக்க உளவுத்துறை ஆய்வாளர். யூகோஸ்லாவியா மீது 1951இல் படையெடுப்பு நிகழுமா என்று மதிப்பிட்ட அறிக்கையொன்றில், அது ‘சீரியஸ் பாசிபிலிட்டி’, அதாவது தீவிரமாக எண்ணிப்பார்க்க வேண்டிய வாய்ப்பு என்று அவரது குழு எழுதியது. வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் பேச்சுவாக்கில் அதன் பொருளைக் கேட்டார். நூற்றுக்கு 65 என்றார் கென்ட். அதிகாரி திகைத்துப்போனார், அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் திரும்பி வந்து தன் குழுவினரையே ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். அத்தனை பேரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்ட சொல் அது. 1964இல் வெளியான கட்டுரையில் கென்ட் ஒரு பட்டியலை முன்வைத்தார்: ஏறக்குறைய உறுதி என்றால் 93, நடக்கக்கூடியது என்றால் 75, சரிபாதி என்றால் 50, இப்படி. ஒவ்வொன்றுக்கும் முன்பின் சற்று இடைவெளியும் விட்டிருந்தார்.

படித்தவர்கள், ஒரே மொழிக்காரர்கள், ஒரே அறையில் இருந்தவர்களுக்கே இந்த நிலை. சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது என்ன ஆகும்?

தமிழின் விகுதிகள்

நாளையைப் பற்றிப் பேசத் தமிழில் படிகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வந்துவிடும், வரும், வரக்கூடும், வரலாம், வந்தாலும் வரும் என்று ஒரே வினை படிப்படியாக இறங்குகிறது. கடைசியில் உள்ள ‘வந்தாலும் வரும்’ அழகான கட்டுமானம்: பெரும்பாலும் வராது, ஆனால் கதவை அடைத்துவிடாதே என்கிறது. குடையை எடுத்துப் பையில் வைக்கச் சொல்லும் அம்மாவின் வாக்கியம் அது.

உறுதி மிகுந்தால் தமிழ் காலத்தையே தாண்டிவிடும். ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்பவர் இன்னும் வீட்டுப் படியைத் தாண்டியிருக்க மாட்டார். வராததை வந்ததாகச் சொல்வது பிழையில்லையா? பிழையில்லை என்று 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இடம் கொடுக்கிறது. கால வழுவமைதி என்று அதற்குப் பெயர். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்கு உரியதை இன்னொரு காலத்தால் சொல்லலாம். தெளிவுக்கு உரைமரபு காட்டும் எடுத்துக்காட்டு மழையைப் பற்றியதே. எறும்புகள் முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினால், இனி பெய்யப்போகும் மழையைப் ‘பெய்தது’ என்றே சொல்லலாமாம். சான்று இருக்கும்போது உறுதியின் அளவை வினைமுற்றே ஏந்தலாம் என்பதை நம் இலக்கணம் எழுதியே வைத்திருக்கிறது.

விகுதிகளில் கவனிக்க வேண்டிய இடங்களும் உண்டு. ‘லாம்’ வாய்ப்பையும் சொல்லும், அனுமதியையும் சொல்லும். ‘நாளைக்குக் கடலுக்குப் போகலாம்’ என்றால் போக வாய்ப்பிருக்கிறதா, போகத் தடையில்லையா? ஆங்கில ‘மே’யிலும் இதே இரட்டை உண்டு. ‘கூடும்’ இன்னும் விந்தை. ‘பெய்யக்கூடும்’ என்றால் வாய்ப்பு. அதன் எதிர்மறையாகத் தோன்றும் ‘பெய்யக்கூடாது’ என்றாலோ விலக்கு, மழைக்கு இடும் கட்டளை. பெய்யாத வாய்ப்பைச் சொல்ல நாம் வேறு வழியில் போய் ‘பெய்யாமல் போகலாம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் தாண்டி, ஆங்கிலத்தின் வினைச்சொல்லில் இல்லாத ஒன்று நம் பேச்சில் இருக்கிறது. ‘வரும்’ என்பதோடு ஓர் ‘ஆம்’ சேர்ந்தால் ‘வருமாம்’. இது எவ்வளவு என்பதைச் சொல்லாது; யார் சொன்னது என்பதைச் சொல்லும். நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், பொறுப்பு சொன்னவருடையது. கண்ணால் கண்ட மேகத்துக்கு ‘வரும்போல இருக்கு’. காதால் கேட்ட செய்திக்கு ‘வருமாம்’. சான்று எங்கிருந்து வந்தது என்பதை இப்படி வாக்கியத்துக்குள்ளேயே தமிழ்ப் பேச்சு நேர்மையாகக் குறித்துவைக்கிறது.

சோலை நகரில் நடந்தது இதுதான். ஆங்கில அறிக்கை அளவைச் சொல்லி அனுப்பியது. கரையில் அது மூலத்தைச் சொல்லும் சொல்லாக மாறியது. பெரியவர் தவறாக எதையும் சொல்லவில்லை. தன் மொழி கேட்கும் நேர்மையோடு சொன்னார். ஆனால் 30 சதவீதமாக இருந்தாலும் 80 சதவீதமாக இருந்தாலும் அடுத்த படகுக்குப் போய்ச் சேர்வது அதே ‘வருமாம்’தான். இடையில் உள்ள தமிழ்ச் செய்தியும் பெரும்பாலும் உதவுவதில்லை. ஆங்கிலத்தின் ‘லைக்லி’யும் ‘வெரி லைக்லி’யும் தமிழில் பல நேரம் ஒரே ‘பெய்யக்கூடும்’ அல்லது ‘வாய்ப்புள்ளது’ ஆகிவிடுகின்றன. நான்கு படி ஏணி ஒரு படியாகச் சுருங்குகிறது.

எதில் எத்தனை?

அப்படியானால் சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டால் போதுமா? அமெரிக்க வானிலைத் துறை 1960களின் நடுவிலிருந்தே மழை வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லிவருகிறது. ‘நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு’ என்பதை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் குழுவினர் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் கேட்டார்கள். ஆய்வு 2005இல் வெளியானது. நாளில் 30 சதவீத நேரம் பெய்யும் என்றார்கள் சிலர். ஊரில் 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றார்கள் சிலர். இத்தகைய நாட்கள் நூறு வந்தால் அவற்றில் முப்பதில் பெய்யும் என்ற சரியான பொருளைப் பெரும்பான்மையோர் தேர்ந்தது நியூயார்க்கில் மட்டுமே. எண் வந்தது, ‘எதில்?’ என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

நம் அறிக்கையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்ற பழகிய வாக்கியத்தில் இரண்டு அளவுகள் ஒளிந்திருக்கின்றன. ‘ஓரிரு இடங்களில்’ என்பது மழை எவ்வளவு பரவலாகப் பெய்யும் என்பதற்கான கலைச்சொல். அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவை என்று பொருள். ‘கூடும்’ என்பது நிகழ்வதற்கான வாய்ப்பு. முன்னது இடக்கணக்கு, பின்னது வாய்ப்புக் கணக்கு. கேட்பவருக்கு இரண்டும் சேர்ந்து ‘எங்கேயாவது ஏதாவது பெய்யலாம்’ என்று மங்கிவிடுகின்றன.

எண் மட்டும் வந்தாலும் மங்கும் என்பதற்குத் துறைமுகக் கூண்டே சாட்சி. புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை ஏறும்போது, எண் பெருகப் பெருக ஆபத்து பெருகுகிறது என்றே கரையில் புரிந்துகொள்கிறோம். ஆனால் 5, 6, 7 மூன்றும் ஆபத்து என்ற ஒரே படியைச் சேர்ந்தவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மேலேயே கடக்குமா என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. 8, 9, 10 பெரும் ஆபத்துப் படி. அங்கும் அதே பக்கக் கணக்கு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இது மாலுமிகளுக்காக எழுந்த குறிமொழி. இந்தப் பதினொன்றில் ஒன்றுகூட ‘நடக்க எவ்வளவு வாய்ப்பு’ என்பதைச் சொல்வதில்லை.

2024 நவம்பர் கடைசியை இந்த ஊர் மறக்காது. வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகுமா, வலுவிழக்குமா என்ற கணிப்பு நாளுக்கு நாள் மாறியது. 29ஆம் தேதி பிற்பகல் அது ஃபெஞ்சல் புயலானது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் இங்கேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அந்த மாற்றங்களைப் பார்த்த பலர் ‘ஒரு நாள் ஒண்ணு சொல்றாங்க’ என்று சலித்துக்கொண்டார்கள். அளவு சொல்லப்படாத இடத்தில் மாறும் கணிப்பு பொய்யாகத் தெரியும். காலையில் பாதி வாய்ப்பு, மாலையில் முக்கால் என்று கேட்டிருந்தால், சான்று கூடக் கூடக் கணிப்பும் கூடுகிறது என்று விளங்கியிருக்கும்.

ஆளுக்கு ஒரு வரம்பு

அளவு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. படகை மேட்டுக்கு ஏற்ற ஆள்கூலியும் ஒரு நாள் தொழில் இழப்பும் சேர்ந்து 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றாமல் விட்டுப் படகும் எஞ்சினும் அடித்துப்போனால் இழப்பு 1,50,000. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஐம்பதில் ஒன்று, அதாவது 2 சதவீதம். புயலுக்கான வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டினாலே படகை ஏற்றிவிடுவது லாபம். அதே தெருவில் மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் தள்ளிப்போட்டால் 100 ரூபாய் நட்டம், நனைந்தால் 200 ரூபாய் நட்டம் என்றால், வாய்ப்பு பாதியைத் தாண்டும்வரை அவர் மாடியேறலாம். ஒரே வானம், ஒரே அறிக்கை. இருவரின் முடிவும் வேறு, இரண்டும் சரி.

‘அன்லைக்லி’ என்று ஆங்கிலம் தள்ளிவிடும் 20 சதவீதம் மீனவருக்கு அவசரச் செய்தி. எனவே ‘வரும்’, ‘வராது’ என்று அறிவியலாளர் தானே முடிவெடுத்துச் சொல்வது உதவி ஆகாது. அளவைக் கொடுத்தால் அவரவர் வரம்பை அவரவர் வைத்துக்கொள்வார்கள். ‘எவ்ளோம்மா?’ என்று பெரியவர் கேட்டது இந்தக் கணிதத்தின் மையக் கேள்வியையே.

விடியலில் வந்த மேகம்

இரண்டு வகை எதிர்காலங்கள் மோதிய ஒரு காலை இந்த ஊரின் வரலாற்றில் இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்டி, சூரியனின் குறுக்கே வெள்ளி கடப்பதைக் காண 1760இல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூனில் ஆடும் கப்பலில் இருந்தபடி பார்த்ததால் அளவிட முடியவில்லை. அடுத்த கடப்பு 1769இல். அதற்காக இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் எச்சத்தின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிவாக இருந்தது. முந்தைய நாள் முன்னிரவும் தெளிவு. 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடியிருந்தது. கடப்பு முடிந்தபின் சூரியன் வெளியே வந்தது.

அதே லெ ஜென்டி இங்கே தமிழ்க் கணியர் ஒருவர் சோழிகளை நகர்த்திக் கிரகணக் கணக்குப் போடுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளம் அந்தச் சோழிக் கணக்கில் 41 விநாடியே குறைந்தது. கோள்களின் எதிர்காலத்தைச் சோழி விநாடிக் கணக்கில் சொல்லும். ஒரு விடியலின் மேகத்தை எந்தக் கருவியாலும் அப்படிச் சொல்ல முடியாது. முன்னதற்கு ‘வரும்’ என்ற வினைமுற்று பொருந்தும். பின்னதற்கு அளவு வேண்டும். இன்றும் நிலை அதுவே. கணினி, காற்றின் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை கணக்கிட்டுப் பார்க்கிறது. ஐம்பது முறை ஓட்டியதில் முப்பதில் மழை வந்தால் வாய்ப்பு 60 சதவீதம். ஐம்பது வேளையில் முப்பது வேளை.

‘வேளை’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன். ஐயத்தைச் சொல்லும் தமிழ்ச் சொற்களுக்குள் எண்ணிக்கை உறங்குகிறது. ‘ஒருவேளை’ என்பது பல வேளைகளில் ஒரு வேளை. ‘அநேகமாக’ என்பது ஒன்றுக்கு மேல், பல. ‘பெரும்பாலும்’ என்பது பெரிய பங்கு. இவை தவிர, அளவைத் துல்லியமாகப் பிடிக்கும் பின்னங்கள் கடைத்தெருவிலும் வீட்டிலும் அன்றாடம் புழங்குகின்றன: கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி. கல்யாணப் பந்தியில் ‘முக்கால்வாசிப் பேர் சாப்ட்டாச்சு’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

வானிலைத் துறையின் நான்கு படிகளை மறுபடி பாருங்கள்: 25, 50, 75. கால், அரை, முக்கால். நம் பின்னங்களுக்கென்றே வெட்டியதுபோல் இருக்கின்றன. ‘பெய்யக்கூடும்’ என்ற ஒரே சொல்லில் நான்கையும் கரைக்காமல், கால்வாசிக்குக் கீழே, காலுக்கு மேல் அரைக்குள், அரைக்கு மேல் முக்காலுக்குள், முக்கால்வாசிக்கு மேல் என்று தமிழ் அறிக்கை சொல்லட்டும். பக்கத்தில் எண்ணும் இருக்கட்டும். இந்தச் சொல் வாய் வழியாகப் போனாலும் உடையாது. ‘முக்கால்வாசி வருமாம்’ என்று அடுத்த படகுக்குப் போகும்போது, ‘ஆம்’ மூலத்தைச் சொல்லும், ‘முக்கால்வாசி’ அளவைச் சொல்லும். ஆங்கில வினைச்சொல் ஒன்றில் அடங்காத இரண்டும் தமிழில் இரண்டே சொல்லில் சேர்ந்து பயணம் செய்யும்.

அன்று மாலை பேத்தி அந்த ஆங்கிலச் சொல்லின் அளவைத் தேடிக் கண்டுபிடித்தாள். “அம்பதுலேர்ந்து எழுபத்தஞ்சுக்குள்ள தாத்தா. பாதிக்கு மேல, முக்காலுக்குள்ள.” பெரியவர் வலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். நான்கு பேர் வந்தார்கள். படகு மேட்டுக்கு ஏறியது.